செவலை என்பது நான்தான்

சாமி,

போன வாரம் நீ முன்பின் தெரியாத ஒருவருக்குச் செய்தி அனுப்பினாய். “அண்ணா, பேரைப் பார்த்தா நம்ம பக்கம்னு தெரியுது. உங்க சிப்போட வேகம் என்னோடதைவிடக் கம்மி. ஆனா நேரத்துல என்னைத் தாண்டிட்டீங்க. எப்படின்னு சொல்வீங்களா?” என்று கேட்டிருந்தாய். செவலை என்ற பெயரில் இருக்கும் அந்த அண்ணன் வேறு யாருமில்லை, உன் அம்மாதான். நம் வீட்டு மாட்டின் பெயர்கூட உனக்குத் தெரியவில்லையே என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, இந்த மாட்டை வாங்கியதே நீ கல்யாணமாகி ஓசூருக்குப் போன பிறகுதான்.

உன் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த இரண்டு வரியை நீ நம்பமாட்டாய். உடனே போன் பண்ணுவாய். போனில் பேசினால் இந்தப் பக்கம் தறிச் சத்தம், அந்தப் பக்கம் உனக்கு ஆயிரம் வேலை. அதனால்தான் எழுதுகிறேன். அவசரமில்லாமல் படி.

நீ போன முறை வந்திருந்தபோது, தறிக் கொட்டாயில் துணி போட்டு மூடியிருந்த மேசையைக் காட்டி, “இதையெல்லாம் கரீம் பாய்கிட்டக் குடுத்துரும்மா. சும்மா எடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடக்குது. எனக்கு இனி இதுக்கெல்லாம் நேரமேது” என்றாய். சொன்ன விதம் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் மேசையைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துச் சொன்னாய். நீ ஊருக்குப் போனதும் கம்ப்யூட்டர் போர்டையும் செம்புக் குவளையையும் வயர்களையும் ஓர் அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினேன். உன் சிப்பை மட்டும் வைக்கவில்லை. இன்டர்நெட் பட்டியலில் உன் பெயருக்குப் பக்கத்தில் நிற்பது அந்தச் சிப்பு. அதைக் கைமாற்ற எனக்கு மனம் வரவில்லை.

கரீம் பாய் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “பொண்ணு விட்டுருச்சாம்மா?” என்று கேட்டார். பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்து விற்கிற அந்த மனிதருக்கு, பாலிடெக்னிக் படித்த நாளிலிருந்து நீ வாடிக்கை அல்லவா. “நேரமில்லீங்களாம்” என்றேன். அவர் விலை சொல்வதற்காகப் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது என் கண் அவர் மேசையில் இருந்த முட்டை அட்டைமேல் போயிற்று. முட்டை வைக்கும் குழிகளில் ஒவ்வொன்றாகச் சிப்புகளை வைத்திருந்தார். ஏதோ மில் ஆபீஸை மூடியபோது மொத்தமாக வந்தவையாம். ஒன்றை எடுத்துத் தலையில் அச்சடித்திருந்ததைப் படித்தேன். உன்னுடைய அதே சிப்பு. பக்கத்துக் குழியிலும் அதேதான்.

“இதெல்லாம் ஒரே மாதிரிதானுங்களா?” என்று கேட்டேன்.

“பேரு ஒண்ணுதாம்மா. குணம் ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொண்ணு. உங்க பொண்ணு இங்க ஒக்காந்து பொறுக்கிப் பொறுக்கி எடுத்துட்டுப் போகும். எப்படிப் பொறுக்குதுன்னு எனக்கே தெரியாது.”

எனக்கும் தெரியாது. தெரியவில்லை என்பதுதான் அந்த நிமிடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது. மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற வேலையில் இத்தனை வருடமாக இருக்கிறேன். ஒரே காளையின் விந்துக் குச்சியைப் பக்கத்துப் பக்கத்துக் கட்டுத்தறியில் இரண்டு மாட்டுக்குப் போட்டால் இரண்டு கன்றும் இரண்டு விதமாக நிற்கும். அது உயிர், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடலாம். மெஷினில் வார்த்து, ஒரே தகட்டிலிருந்து வெட்டி எடுத்த சிப்புகள் ஏன் ஒன்றுபோல் இல்லை? பஸ்ஸில் திரும்பி வரும்போது மடியில் அதே அட்டைப் பெட்டி இருந்தது. கைப்பையில் புதிதாக வாங்கிய ஒரு பழைய சிப்பும் இருந்தது. விற்கப் போனவள் வாங்கி வந்தாள் என்று உன் அப்பா இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்.

நீ இதையெல்லாம் தொடங்கிய நாளில் அப்பா உன்னிடம் கேட்ட கேள்விகள் நினைவிருக்கிறதா? கொட்டாயின் அந்தப் பக்கம் தறிகள், இந்தப் பக்கம் உன் மேசை. தறியை நிறுத்திவிட்டு வந்து நின்றார்.

“இது என்ன சாமி பண்றே?”

“ஒவ்வொரு சிப்புக்கும் இவ்வளவு வேகம்னு போட்டுக் குடுத்திருப்பாங்கப்பா. அதைத் தாண்டி ஓட்டறேன்.”

“ஓட்டுனா?”

“சூடாயி நின்னுரும். அதனால குளுர வெச்சுக்கிட்டே ஓட்டோணும்.”

“புதுசு ஒண்ணு வாங்குனா அதுவே வேகமா ஓடுமில்ல?”

“புதுசுக்கு வேற பட்டியல் இருக்குதுங்கப்பா. பழசுல ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு பட்டியல். இதே சிப்பு வெச்சிருக்கற உலகத்து ஆளுங்க எல்லாம் அதுல இருப்பாங்க. யாரு சிப்பு கணக்கைச் சீக்கிரமா முடிக்குதோ, அவங்க பேரு மேல.”

“பேரு மேல வந்தா?”

“ஒண்ணும் வராது. மேல இருக்கும், அவ்வளவுதான்.”

அப்பா யோசித்துவிட்டு, “அப்ப எதுக்கு?” என்றார். “எவ்வளவு தூரம் போகுதுன்னு பாக்கத்தானுங்க” என்றாய். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. எனக்குப் போதும்போல இருந்தது.

சில மாதம் கழித்து நீ என்னிடம் திரவ நைட்ரஜன் கேட்டு வந்தாய். என் மொபெட்டில் நான் கொண்டுபோகும் கேனில், குச்சிகள் கெடாமலிருக்க ஊற்றி வைத்திருக்கும் அதே நைட்ரஜன்தான் உலகம் முழுக்க உன்னைப்போன்றவர்கள் சிப்பைக் குளிரவைக்க ஊற்றுகிறார்கள் என்று நீ சொன்னபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஆனாலும் தரமாட்டேன் என்றேன். அது பால் சொசைட்டியுடையது. அதில் ஒரு டம்ளர் குறைந்தால் யாரோ ஒருவர் மாட்டுக்குப் போட வேண்டிய குச்சி கெடும். நீ முகம் சுளிக்கவில்லை. இருவரும் சேலத்தில் காஸ் விற்கும் கடையைத் தேடிப் போனோம், சின்னக் கேன் ஒன்றைத் தனியாக வாங்கினோம். லேத்துப் பட்டறையில் செம்பு உருளையைக் குடைந்து, சிப்பின் தலைமேல் உட்காரும்படி குவளை செய்துகொண்டோம். நீ கீபோர்டில், நான் குவளையில் ஊற்றுபவள் என்று முடிவாயிற்று.

முதல் நாளே நான் கெடுத்தேன். என் கை பழகிய விதம் அப்படி. கேனில் நைட்ரஜன் குறையவே விடக்கூடாது, நிறைய நிறைய நல்லது. அந்தப் பழக்கத்தில் குவளையைத் ததும்பத் ததும்ப நிரப்பினேன். திரை அப்படியே நின்றுபோயிற்று. “அம்மா, இது குச்சி இல்லை. ரொம்பக் குளுந்தாலும் இது செத்த மாதிரி ஆயிரும். ஒவ்வொரு சிப்புக்கும் இதுக்குக் கீழே வேண்டாம்னு ஒரு எடம் இருக்குது” என்று சொல்லி, தலை காயவைக்கும் டிரையரை எடுத்து அதற்குச் சூடு காட்டினாய். சற்று நேரத்தில் எழுந்துகொண்டது. அன்றுதான் எனக்கு இதில் ருசி தட்டியது என்று நினைக்கிறேன். சூடு ஓர் அளவுக்கு மேல் போனால் நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. ஓர் அளவுக்குக் கீழே போனாலும் நிற்கும் என்பது எனக்குப் புதிது.

உன் எண் வந்த நாளையும் மறக்கவில்லை. பை என்ற எண்ணைப் பத்து லட்சம் இலக்கத்துக்குக் கணக்குப் போடும் அந்தச் சோதனையை உன் சிப்பு முடித்ததும், நீ நாற்காலியிலிருந்து எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தபடி நின்றாய். குவளையிலிருந்து புகை வழிந்துகொண்டிருந்தது. “நம்ம நாட்டுல இந்தச் சிப்புக்கு இதுதான் முதல் எடம்மா” என்று மெதுவாகச் சொன்னாய். கல்யாணத்தன்றுகூட உன் முகத்தை நான் அவ்வளவு நிறைவாகப் பார்க்கவில்லை. இதை மாப்பிள்ளை படித்தாலும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெண் பார்க்க வந்த அன்று, கொட்டாய் வரை வந்தவர்கள் உன் மேசையில் இருந்த செம்புக் குவளையைப் பார்த்தார்கள். “இது என்னங்க, காப்பி வடிகட்டறதுங்களா?” என்று உன் மாமியார் கேட்டார். நீ சட்டென்று, “காலேஜ் புராஜெக்ட்டுங்க” என்றாய். அத்துடன் பேச்சு மாறிவிட்டது. ஆனால் மாப்பிள்ளை அந்தக் குவளையைக் கையில் எடுத்தார். உள்ளே கண்ணை விட்டுப் பார்த்தார், அடிப்பக்கம் திருப்பி விரலால் தடவிப் பார்த்தார், உன் முகத்தைப் பார்த்தார், கேட்க வாயெடுத்தார். நீ அதற்குள் உள்ளே போய்விட்டாய். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் குவளையை இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வைத்தார். ஒரு பொருளை அப்படி எடுத்து அப்படி வைக்கிற ஆளிடம் நீ ஏன் இதுவரை சொல்லவில்லை, கண்ணு? சிரிப்பார் என்று நினைத்தாயா? சிரிக்கட்டுமே. சிரித்துவிட்டு அடுத்த கேள்வி கேட்பார். நம் ஊரில் யாரும் கேட்காத ஒன்றை ஒருவர் கேட்க வருகிறார் என்றால் கதவைச் சாத்தக் கூடாது. புத்தி சொல்வது எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் இந்த ஒன்றைச் சொல்கிறேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஒரே சிப்பை இரண்டு பேர் பட்டியலில் காட்டக் கூடாது என்று நீ சொல்லியிருக்கிறாய். அதனால் உன் சிப்பை நான் தொடவில்லை. போர்டும் குவளையும் உன்னுடையவை, சிப்பு என்னுடையது. முதல் முறை நானே ஊற்றி நானே கீபோர்டையும் பார்த்தபோது, போர்டின் ஒரு மூலையில் ஈரம் இறங்காமலிருக்க வாஸ்லின் தடவ மறந்துவிட்டேன். குளிரில் தண்ணீர் கோத்து அந்த மூலை முழுக்க நனைந்தது. உன் போர்டு போயிற்று என்றே நினைத்தேன். துடைத்து, வெயிலில் காயவைத்து, மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைக்கும் நேரமெல்லாம் அதையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ந்தபின் ஓடியது. பயப்படாதே, இப்போதும் ஓடுகிறது.

என் சிப்பு உன்னுடையதைப்போல் இல்லை. உன்னுடையது குளிரைத் தாங்கும். என்னுடையது கொஞ்சம் கூடுதலாக ஊற்றினாலே படுத்துவிடும். வேகத்தையும் ஓரளவுக்கு மேல் ஏற்றவிடாது. பாயிடம் போய் வேறு மாற்றிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். மாற்றவில்லை. வேகத்தையும் ஏற்ற முடியாது, குளிரையும் கூட்ட முடியாது என்றால் வேறு என்னதான் செய்ய முடியும் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. பட்டியலில் என் சிப்பைப்போலவே குறைந்த வேகத்தில் ஓட்டி நல்ல நேரம் காட்டியிருந்த ஒருவருக்கு எழுதிக் கேட்டேன். போலந்து நாட்டில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவராம். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப்போலத்தான், அதனால் எங்களுக்குள் நன்றாகப் புரிந்தது. சிப்பு எவ்வளவு வேகமாக ஓடினாலும், கணக்குக்கு வேண்டிய எண்ணை மெமரியிடம் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது, அந்தக் காத்திருப்பைக் குறை என்று எழுதினார். போர்டின் பயாஸ் திரையில் அதற்கென்று வரிசையாக எண்கள் இருக்கின்றன அல்லவா, நீ தொடாமல் விட்டிருந்தாயே, அவைதான்.

இதை அப்பாவிடம் சொன்னேன். “அதென்ன அதிசயம்? தறியை எவ்வளவு வேகமாத் தட்டுனாலும், நூல் தீந்து தார் மாத்தறப்ப நின்னுதான ஆகோணும்” என்றார். அதன்பிறகு அவருக்கும் என் மேசைமேல் ஒரு கண் விழுந்துவிட்டது. ஓர் எண்ணைக் குறைப்பேன், ஓட்டிப் பார்ப்பேன், நின்றுபோகும், பழைய இடத்துக்கே கொண்டுவருவேன். அடுத்த எண்ணைக் குறைப்பேன். மதியம் வேலை முடிந்து வந்தால் இதுதான். இதற்கு நைட்ரஜன்கூடத் தேவையில்லை, சாதாரண ஃபேன் போதும். காலையிலிருந்து ஊரூராகச் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தால், உடம்பு அசதியெல்லாம் எங்கே போகும் என்று தெரியாது.

எண்கள் ஒருவழியாகப் படிந்தபின், நைட்ரஜன் ஊற்றி ஓட்ட அமாவாசையைத் தேர்ந்தெடுத்தேன். அன்று நம் வெண்ணந்தூரில் தறி ஓடாது, ஊர் முழுக்கக் கரண்ட் ஆடாமல் ஒரே சீராக வரும். நீ எப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டினாய், அன்று நம் தறியை மட்டும்தான் அப்பா நிறுத்துவார், பக்கத்துப் பட்டறைகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆக, உன் கேள்விக்கான பதில் இவ்வளவுதான்: மெமரியின் காத்திருப்பைக் குறைத்தேன், கரண்ட் ஆடாத நாளில் ஓட்டினேன். குவளையில் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, குளிரை மைனஸ் தொண்ணூறு டிகிரிக்குக் கீழே இறங்கவிடாமல் ஒரே இடத்தில் நிறுத்தினேன். எண்கள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன். உன் சிப்பில் இதையே செய்தால் என்னை எளிதாகத் தாண்டிவிடுவாய்.

அன்று மதியம் கணக்கு முடிந்து திரையில் நேரம் வந்தபோது, அப்பாதான் முதலில் படித்தார். உன்னுடையதைவிடக் கண்ணிமைக்கும் நேரம் குறைவு. நான் சந்தோஷப்படவில்லை என்றால் பொய். ஆனால் பட்டியலைத் திறந்து உன் பெயரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

“அவ பேருக்கு மேல உம்பேரைப் போடப் போறியா?” என்று அப்பா கேட்டார். “வேண்டாம் புள்ள. மனசு நோகும்.”

“நோகுமுங்களா?” என்றேன்.

“பின்ன நோகாதா? அவகிட்ட இருக்கறதே அது ஒண்ணுதான.”

அப்பா சொன்னதைப் பல நாள் யோசித்தேன். மாடு பிடித்துக் கட்டும்போது யோசித்தேன், மொபெட் ஓட்டும்போது யோசித்தேன். நோகும் என்பதற்காக நான் தயங்கவில்லை, சாமி. நோகாமல் போய்விடுமோ என்றுதான் பயந்தேன். நீ அந்தப் பட்டியலை எப்போதோ மறந்துவிட்டாய், உன் பெயர் எத்தனாவது இடத்தில் இருக்கிறது என்பதே உனக்குத் தெரியாது என்றால், அதை நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்குமே. ஓசூரில் உனக்குக் குறை ஒன்றும் இல்லை. நல்ல வீடு, நல்ல மனிதர்கள், உத்தியோகம். ஆனால் போனில் பேசும்போதெல்லாம் நீ மற்றவர்களைப் பற்றித்தான் சொல்கிறாய். யாருக்கு என்ன பிடிக்கும், யாருக்கு எத்தனை மணிக்கு என்ன வேண்டும் என்று. எவ்வளவு தூரம் போகிறது பார்க்கலாம் என்று ஒரு பொருளைக் கையில் எடுத்த பெண் அந்தப் பேச்சில் எங்கே இருக்கிறாள் என்று தேடுவேன். கடைசியில், என் பெயருக்குப் பதில் மாட்டின் பெயரைக் கொடுத்துப் பட்டியலில் ஏற்றினேன். யாரோ என்றால் நோவு குறையுமே என்று.

மறுநாள் காலையில் உன் செய்தி வந்து கிடந்தது. கறவைக்கு உட்காரப் போனவள் பால் வாளியோடு அப்படியே நின்று படித்தேன். நேரமில்லை என்றவள், விற்கச் சொன்னவள், ஒரே நாளில் எப்படிக் கண்டுபிடித்தாய்? தினமும் பார்க்கிறாய் அல்லவா? அப்பாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, “உன்னைய அண்ணாங்குது” என்றார். பிறகு, “கோவமே இல்லையே, எப்படின்னுதான கேட்டிருக்குது” என்றார். தறியைப் போட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

உடனே பதில் போடாததற்குக் காரணம், செவலையாகவே இருந்து உன்னோடு பேசிப் பார்க்கலாமா என்று ஒரு சபலம். அம்மாவிடம் சொல்லாததையெல்லாம் அந்த அண்ணனிடம் சொல்வாயோ என்று. அது சரியில்லை என்று தோன்றியது. எனக்கு வேண்டியது உன் ரகசியம் இல்லை. குவளையில் ஊற்ற இரண்டாவது கை ஒன்று கிடைத்தால் போதும். தனியாக ஊற்றிக்கொண்டே கீபோர்டைத் தட்டுவது பெரும்பாடாக இருக்கிறது. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஓர் அமாவாசைக்கு வந்து போ. வர முடியாவிட்டால், உன் சிப்பைக் கூரியரில் அனுப்பட்டுமா, வேண்டாமா என்று மட்டும் சொல். உனக்குப் போர்டு வேறு தேட வேண்டும், கரீம் பாயிடம் சொல்லி வைக்கிறேன்.

இதுவரை நேற்றே எழுதி முடித்துவிட்டேன். இன்று காலை பட்டியலைத் திறந்தால், நீயும் நானும் ஆளுக்கு ஒரு படி இறங்கியிருக்கிறோம். நம் நாட்டுக்காரர்தான், யாரென்று தெரியவில்லை. அவருடைய சிப்பு என்னுடையதைவிடவும் வேகம் குறைவு. பட்டியலோடு அவர் போட்டிருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் செம்புக் குவளையே இல்லை, புகையும் இல்லை. ஏதோ தண்ணீர்க் குழாய் மாதிரி இரண்டு தெரிகிறது, அவை எங்கிருந்து வந்து எங்கே போகின்றன என்பது படத்தில் விழவில்லை. நைட்ரஜன் இல்லாமல் இந்த நேரம் எப்படி வரும்? அப்பாவும் நானும் காலைப் பலகாரத்தை ஆறவிட்டு இதையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். படத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன். இடது ஓரத்தைப் பார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, உனக்கு என்ன தோன்றுகிறது?

அம்மா